எடுபிடிக் காலம்



இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளை ஒரு பேராசிரியரின் பெயரில் இல்லை. இந்தக் கல்லூரியின் மின் எந்திர ஆய்வகத்தில் நீண்ட காலம் உதவியாளராக இருந்த ஒருவரின் நினைவாக, அவரிடம் ஃபியூஸ் கட்டக் கற்றுக்கொண்ட மாணவர்கள் பணம் திரட்டி ஏற்படுத்தியது. அழைப்பு வந்தபோது நான் தயங்காமல் ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம். 'புதிய தொழில்நுட்பமும் இளம் பொறியாளரின் எதிர்காலமும்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. நான் அதை 'எடுபிடிக் காலம்' என்று மாற்றினேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "ஐயா, எடுபிடி என்பது கொஞ்சம் மரியாதைக் குறைவாக இல்லையா?" இருக்கிறது. அந்த மரியாதைக் குறைவான வேலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

இந்த மேசைக்கு அடியில் ஒரு சாக்குப்பை இருக்கிறது. அதில் என்ன இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

1978 கோடை விடுமுறையில் கோயம்புத்தூரில் ஒரு ரீவைண்டிங் கடையில் என்னைக் கொண்டுபோய் விட்டார் அப்பா. நான் அப்போது பாலிடெக்னிக் முதல் ஆண்டு. கடை என்றால் ஒரு தகரக் கூரை, இரண்டு மேசை, வார்னிஷ் வாடை, வாசலில் வரிசையாகக் கருகிய மோட்டார்கள். பெரும்பாலும் கிணற்று மோட்டார்கள். பழைய காயிலை வெட்டி எடுத்து, சுற்றுகளை எண்ணி, நோட்டில் எழுத வேண்டும். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. எத்தனை ஸ்லாட், ஒரு காயிலில் எத்தனை சுற்று, கம்பி எத்தனை கேஜ், எந்த ஸ்லாட்டிலிருந்து எந்த ஸ்லாட்டுக்குப் போகிறது, உள்ளே இணைப்பு ஸ்டாரா டெல்டாவா. கடைக்காரர் மாமா ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: "எண்ணிச் சொல்லு கண்ணு. தோராயமாச் சொல்லாதே."

சுற்று குறைந்தால் மோட்டார் சும்மா ஓடும்போதே கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். கூடினால் இழுவை இருக்காது. இதைப் பாடமாகப் படித்தது பிறகுதான். ஆனால் ஒரு தடவை தப்பாக எண்ணி, கட்டி முடித்த மோட்டார் அரை மணி நேரத்தில் கொதித்தபோதே அது எனக்குத் தெரிந்துவிட்டது.

எண்ணிக்கையை விடப் பெரிய பாடம் கருகலில் இருந்தது. மோட்டாரைத் திறந்தவுடன் மாமா கையால் தொடமாட்டார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். மோட்டாருக்கு வரும் மூன்று ஃபேஸில் ஒன்று அறுந்துபோனால், ஸ்டார் கட்டிய மோட்டாரில் இரண்டு ஃபேஸ் காயில்கள் கருகியிருக்கும், மூன்றாவது புதிதுபோலப் பளபளக்கும். டெல்டா என்றால் ஒன்று மட்டும் கருகியிருக்கும். மூன்றும் ஒன்றுபோலக் கருகியிருந்தால் ஃபேஸ் மேல் தப்பில்லை. பாரம் அதிகம், அல்லது வோல்ட்டேஜ் குறைவு, அல்லது பம்ப் இறுகிவிட்டது. ஒரு ஃபேஸ் இல்லாத நேரத்தில் கண்டன்சர் போட்டு ஓட்டுகிறவரின் மோட்டார் வேறு மாதிரி கதை சொல்லும். மோட்டாரைக் கொண்டுவந்த விவசாயி, "நல்லாத்தானுங்க ஓடிட்டு இருந்துச்சு" என்பார். மாமா காயிலைப் பார்த்துவிட்டு, "ராத்திரி கண்டன்சர் போட்டீங்களா?" என்று மெல்லக் கேட்பார். விவசாயி சிரித்துவிடுவார்.

இந்தக் கண் எனக்கு எப்படி வந்தது? எழுபது எண்பது மோட்டார்களை வெட்டியதால் வந்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. கூலி குறைந்த, கைகள் கருத்துப்போகும், யாரும் விரும்பாத ஒரு வேலையின் அடியில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் எடுபிடிக் காலம் என்கிறேன்.

அந்த நாட்களைப் பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். பக்கத்துக் கடையில் ஒரு பையன் ஸ்பேனரால் அடி வாங்கியதைப் பார்த்திருக்கிறேன். யார் மகன் எந்த வேலைக்கு என்பதைச் சாதி தீர்மானித்த பட்டறைகளும் இருந்தன. கற்றுத்தருகிறேன் என்ற பெயரில் வருடக்கணக்காகச் சம்பளம் தராதவர்களும் உண்டு. அவை ஒழிய வேண்டியவை. அவற்றோடு சேர்ந்து என்ன போனது என்பதுதான் என் கவலை.

கோயம்புத்தூர் எந்திர நகரம் ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின, மில்களைப் பழுதுபார்க்கப் பட்டறைகள் பெருகின. 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் அங்கே மோட்டார் செய்தார்கள். ஜி.டி. நாயுடுவின் தொடக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு வெள்ளைக்காரரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதை வாங்கி, முதல் காரியமாகப் பிரித்துப் போட்டார். ஓட்டிப் பார்த்ததை விடப் பிரித்துப் பார்த்ததில் அவருக்குக் கிடைத்தது அதிகம். பல ஆண்டுகள் கழித்து நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பே நேர விரயம் என்று அவர் சண்டை போட்டார். அந்தச் சண்டையில் நான் முழுக்க அவர் பக்கம் இல்லை. ஆனால் அவர் எங்கிருந்து பேசினார் என்பது புரிகிறது.

இனி என் தொழில் வாழ்க்கையில் நான் பார்த்த ஒரு பெரிய மாற்றம். நான் வேலை பார்த்த நூற்பாலையில் ஒவ்வொரு எந்திரத்துக்கும் ஆள் உயரத்துக்கு ஒரு ரிலே பேனல் இருக்கும். உள்ளே வரிசையாக ரிலேக்கள், காண்டாக்டர்கள், டைமர்கள், கத்தை கத்தையாக ஒயர். 1990களின் தொடக்கத்தில் அவை போய், நிரல் எழுதி இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி வந்தது, ஒரு செருப்புப் பெட்டி அளவில். எங்கள் எலக்ட்ரீஷியன்களுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. கம்ப்யூட்டர் வந்துவிட்டது, நம்மை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தார்கள்.

அந்தப் பெட்டியின் பிறப்பைக் கேளுங்கள். 1968-இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, தானியங்கி கியர்பெட்டி செய்கிற பிரிவு, ஒரு கோரிக்கை வைத்தது. கார் மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதிதாக ஒயர் இழுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மாற்று வேண்டும். மாசசூசெட்ஸில் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் என்ற சிறிய நிறுவனத்தில் டிக் மார்லியும் அவர் கூட்டாளிகளும் ஒன்றைச் செய்தார்கள். அது அவர்களின் 84-ஆவது திட்டம் என்பதால் 084 என்று பெயர். மோடிகான் என்ற நிறுவனம் அதிலிருந்து கிளைத்தது. அதன் அழகு எலக்ட்ரானிக்ஸில் மட்டும் இல்லை. அதற்கு நிரல் எழுதும் முறையை அவர்கள் ரிலே சர்க்யூட் வரைபடம் போலவே வைத்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு செங்குத்துக் கோடு, நடுவில் படிகள், ஒவ்வொரு படியிலும் காண்டாக்டுகள், கடைசியில் ஒரு காயில். அதனால்தான் அதற்கு ஏணி என்று பெயர். தொழிற்சாலையில் ஏற்கெனவே வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியன் படிக்க வேண்டும் என்பதே நோக்கம்.

எங்கள் ஆலையில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பார். பயிற்சி கொடுக்க வந்தவர் திரையில் ஏணியைக் காட்டியதும் இவர் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார். "இது நம்ம காண்டாக்டர் சர்க்யூட்டுத்தானுங்களே சார்!" என்றார். அடுத்த ஆறு மாதத்தில் அவர்தான் எங்கள் ஆலையின் பி.எல்.சி. ஆள். என்னைப் போன்ற இளைய பொறியாளர்களுக்கு நிரல் தெரிந்தது, ஆனால் எந்திரம் நின்றால் எந்த லிமிட் ஸ்விட்சில் பஞ்சு அடைத்திருக்கும் என்பது தெரியாது. அவருக்கு அது தெரியும், நிரலும் வந்துவிட்டது.

ஒரு தலைமுறை தப்பித்தது. அடுத்த தலைமுறை? பேனலுக்கு ஒயர் இழுத்து, நம்பர் ஒட்டி, ஒவ்வொன்றாக டெஸ்ட் லாம்பு வைத்துத் தேடிய வேலையே இல்லாமல் போனது. அதற்குப் பின் சேர்ந்தவர்கள் கெட்டிக்காரர்கள். கணினியில் பத்து நிமிடத்தில் தவறைக் கண்டுபிடிப்பார்கள், கணினி காட்டுகிற இடத்தில் தவறு இருந்தால். இல்லாத நாளில் திணறுவார்கள். கம்ப்யூட்டர் வரைபடம் வந்த டிராயிங் ஆபீசிலும் இதே கதைதான். டிரேசிங் பேப்பரில் பழைய வரைபடத்தைக் கோடு கோடாக நகல் எடுத்த பையன், எடுக்கும்போதே ஏன் இங்கே இந்த அளவு என்று கேட்டுக்கொண்டிருந்தான். நகலெடுப்பது போனது, அந்தக் கேள்வியும் கூடவே போனது.

இதை எனக்கு முன்பே ஒருவர் அழகாக எழுதிவிட்டார். 1983-இல் லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 'ஆட்டோமேட்டிகா' ஆய்விதழில் தானியக்கத்தின் முரண்களைப் பற்றி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். சுலபமான வேலையை எந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் மனிதனிடம் மிஞ்சுவது கடினமான வேலை மட்டும்தான். ஆனால் அந்தக் கடினமான வேலைக்குத் தேவையான பழக்கம் சுலபமான வேலையைத் தினமும் செய்ததால் வந்தது. அதைப் பிடுங்கிக்கொண்டு, அவசரம் வரும்போது மட்டும் வந்து காப்பாற்று என்றால் எப்படி? இதுதான் அவர் வாதத்தின் சாரம். ரசாயன ஆலைகள், மின்நிலையங்கள் போன்ற இடங்களை மனதில் வைத்து எழுதியது. இன்று கணினித் துறைக்கு அச்சாகப் பொருந்துகிறது.

2021-இல் நிரல் எழுத உதவும் கோபைலட் வந்தது, 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்தது. அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் புராஜெக்ட் அறிக்கைகள் திடீரென்று நல்ல ஆங்கிலத்தில் வருவதாக உங்கள் பேராசிரியர் ஒருவர் தேநீர் குடிக்கும்போது சொன்னார். அது கிடக்கட்டும். செயற்கை நுண்ணறிவு பொறியாளர்களை ஒழித்துவிடுமா என்பதைப் பற்றி நான் ஜோசியம் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும் கண்முன் தெரிகிறது: அது முதலில் எடுப்பது எடுபிடி வேலையை. சின்னச் சின்ன டெஸ்ட் எழுதுவது, பழைய நிரலுக்கு விளக்கம் எழுதுவது, சின்னப் பிழை திருத்துவது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்குத் தரவை மாற்றுவது. இவைதான் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் இரண்டு வருடம் கொடுத்த வேலைகள். அலுப்பான வேலைகள். சுற்று எண்ணுவது போல.

என் தங்கை மகள் சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தபோது அவளை சப்போர்ட் புராஜெக்டில் போட்டார்கள், இரவு ஷிப்ட். "மாமா, காலேஜ்ல என்னைவிடக் கம்மியா மார்க் வாங்கினவங்கல்லாம் டெவலப்மென்ட்ல இருக்காங்க" என்று அழுதாள். இரண்டு வருடம் அதிலேயே கிடந்தாள். பிறகு வேறு குழுவுக்குப் போனாள். அங்கே ஒரு கிடங்கு மென்பொருளில் சில ரசீதுகள் மட்டும் முந்தைய நாள் தேதியோடு பதிவாகின. நிரலைச் செயற்கை நுண்ணறிவு எழுதியிருந்தது, ஒருவர் சரிபார்த்திருந்தார், டெஸ்ட் எல்லாம் பாஸ். டெஸ்ட் ஓடியது பகலில்! இவள் பிழையான ரசீதுகளின் நேரத்தை மட்டும் எடுத்து வரிசைப்படுத்தினாள். எல்லாமே நள்ளிரவு 12 மணிக்கும் அதிகாலை 5.30-க்கும் இடையில். மீதியை அவள் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். இங்கே புதன்கிழமை விடியும் முன் போட்ட ரசீது அங்கே இன்னும் செவ்வாய்க்கிழமை.

இது பெரிய கண்டுபிடிப்பு இல்லை. அனுபவமுள்ள யாரும் பிடித்துவிடுவார்கள். ஆனால் நேரத்தை வைத்து வரிசைப்படுத்திப் பார் என்ற எண்ணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது? அதிகாலை மூன்று மணிக்கு வந்த அழைப்புகளிலிருந்து. அவள் காயிலைப் பார்க்கிற மாதிரி பார்த்திருக்கிறாள்.

ஆகவே வேலை தேடப் போகிற உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது, நேர்காணலில் கடைசியாக "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று கேட்பார்கள் அல்லவா, அப்போது "ஏதாவது பழுதானால் அது யாரிடம் வரும்?" என்று கேளுங்கள். உங்கள் குழுவிடம் வரும் என்றால் நல்ல இடம். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் யோசிக்கலாம். வேறெங்கோ போய்விடும், நீங்கள் செய்ததன் விளைவு உங்களுக்கே தெரியாது என்றால் ஐந்து வருடம் கழித்து ஐந்து வருட அனுபவம் என்று எழுதுவீர்கள், கையில் ஒன்றும் இருக்காது. கல்விக் கடன் தலைமேல் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு 'சம்பளம் பார்க்காதே' என்று மேடையிலிருந்து சொல்வது சுலபம். அதை நான் சொல்லவில்லை. இரண்டு வேலை கைக்கு வந்தால் எதை வைத்து அளப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

மின்சாரம், எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். அதிலிருந்து, உள்ளே எலக்ட்ரானிக் போர்டு உள்ள பி.எல்.டி.சி. ஃபேன்கள் கடைகளை நிறைக்கின்றன. பழைய ஃபேன் 75 வாட் இழுத்தால் இது 30 வாட்டைச் சுற்றி இழுக்கும். நல்லது. ஆனால் மின்னல் ஒன்று வெட்டினால், வோல்ட்டேஜ் ஒரு முறை எகிறினால் உள்ளே இருக்கிற போர்டு போய்விடும். பழைய ஃபேனுக்குக் காயில் கட்டியவரிடம் கொண்டுபோனால் உதட்டைப் பிதுக்குவார். போர்டு பார்க்கிற பையனிடம் கொண்டுபோனால் மோட்டார் எனக்குத் தெரியாது என்பான். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. மின் ஸ்கூட்டர், சூரியசக்தி பம்ப், ஆலைகளில் டிரைவ், எல்லாவற்றிலும் அதே நாற்காலிதான். காந்தமும் கம்பியும் ஒரு பக்கம், சிலிக்கானும் நிரலும் மறுபக்கம், இரண்டும் சேருகிற இடத்தில் ஆள் இல்லை.

செத்துப்போன போர்டுகள் நாலைந்து பழுதுக்கடையில் சொற்ப விலைக்குக் கிடைக்கும். வாங்குங்கள். திறந்து, எது முதலில் போனது, எது அதனால் போனது என்று பிரித்துப் பாருங்கள். மின்சாரம் கொடுத்துச் சோதித்தால் மட்டும் ஒன்றை மறக்க வேண்டாம்: 230 வோல்ட்டை நேர்மின்சாரமாக்கினால் அந்தக் கெபாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம். ஆய்வக உதவியாளர் நினைவுச் சொற்பொழிவில் இதைச் சொல்லாமல் போனால் அவர் என்னை மன்னிக்கமாட்டார்.

இன்னொரு வகை எடுபிடி வேலையை இளைஞர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை: தர ஆவணங்களைப் படிப்பது. 2022-இல் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்திகள் வந்தன. அதன் பின் மின்கலன்களுக்கான ஏ.ஐ.எஸ். 156 தரத்தில் திருத்தங்கள் வந்தன. ஒரு செல்லில் பற்றிய வெப்பம் மற்ற செல்களுக்குப் பரவுவது வரை சோதிக்க வேண்டும் என்றானது. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு பழுது இருக்கிறது. இந்தச் சோதனைகள் நடக்கிற இடங்கள் தொலைவில் இல்லை. வாகனங்களுக்கு ஒரகடத்தில் மையம் உண்டு, பம்புகளுக்குக் கோயம்புத்தூரில் சிட்டார்க் சோதனை மையம் உண்டு. சோதனைக்கூடத்தில் ஒரு வருடம் இருந்தவர் நூறு நிறுவனங்களின் பழுதைப் பார்த்திருப்பார். நிறுவனத்தில் இருப்பவர் தன் நிறுவனத்தின் பழுதை மட்டும்தான் பார்க்க முடியும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தாதே என்று நான் சொல்லவில்லை. நானே தினமும் பயன்படுத்துகிறேன். ஒரு பழக்கம் மட்டும் வைத்திருக்கிறேன். கேட்பதற்கு முன் என் ஊகத்தை நோட்டில் ஒரு வரி எழுதிவிடுவேன். பதில் வந்ததும் ஒப்பிடுவேன். அது சரி நான் தப்பு என்றால் ஏன், நான் சரி அது தப்பு என்றால் ஏன். ஊகத்தை எழுதாமல் பதிலைப் படித்தால், நமக்கும் அதுதானே தோன்றியது என்று மனம் பொய் சொல்லும். அறுபது வயதைத் தாண்டிய என் மனமே சொல்கிறது.

இங்கே வந்திருக்கிற தொழிலதிபர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பயிற்சியாளர் சட்டம் 1961-இலிருந்து இருக்கிறது, பட்டதாரிகளையும் பிறகு அதில் சேர்த்தார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிற்சியாளர்கள் இருக்க வேண்டும். பல இடங்களில் அந்தப் பிள்ளைகள் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள், அல்லது ஆள் பற்றாத லைனில் கைகளாக நிற்கிறார்கள். அதற்குப் பெயர் எடுபிடிக் காலம் இல்லை. கடைக்காரர் மாமா எனக்குக் கொடுத்த வேலையில் பழுது இருந்தது, விளைவு என்னிடமே திரும்பி வந்தது, நான் தப்பாக எண்ணினால் மோட்டார் கொதித்தது. ஜெராக்ஸில் என்ன கொதிக்கும்? இளையவர்களை எடுக்காமல் கருவியை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், பத்து வருடம் கழித்து மூத்தவர்களை எங்கிருந்து எடுப்பார்கள் என்ற கணக்கையும் அதே தாளில் போட்டுப் பார்க்க வேண்டும்.

இனி அந்தச் சாக்குப்பை. அதில் ஒரு மோட்டாரின் ஸ்டேட்டர் இருக்கிறது. போன மாதம் ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து வந்தது, 7.5 குதிரைத்திறன். டெல்டா இணைப்பு, நானே பார்த்தேன். நான் முன்பு சொன்ன கணக்குப்படி ஒரு ஃபேஸ் மட்டும் கருகியிருக்க வேண்டும். இதில் இரண்டு கருகியிருக்கிறது, ஒன்று பளபளக்கிறது. நீங்கள் செயற்கை நுண்ணறிவிடமும் கேட்கலாம், தடையில்லை, உங்கள் ஊகத்தை முதலில் எழுதிவிட்டு. ஒரு குறிப்பு மட்டும் தருகிறேன். விடை மோட்டாருக்குள் இல்லை, கிணற்றடி ஸ்டார்ட்டரிலும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம் போய்த் தேடுங்கள், 11,000 வோல்ட் வருகிற பக்கம்.

கூட்டம் முடிந்ததும் ஆய்வகத்தில் மேசைமேல் வைத்துவிடுகிறேன். வெட்டுவதற்கு உளி ஒன்றுதான் இருக்கிறது, முறை வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுகளை எண்ணி நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.